பழைய ஹெச்எல்பி ஹெல்ப்பை சிஹெச்எம்-க்கு மாத்தின அனுபவம்: முதல்ல எஃப்1 நம்பரை காப்பாத்துங்க

எங்க ஆபீஸ் சாஃப்ட்வேர் நூல் வியாபாரிகளுக்கும் துணி வியாபாரிகளுக்கும் பில்லிங், ஸ்டாக், கணக்கு எல்லாம் பார்க்கிறது. விபி6-ல (மைக்ரோசாஃப்ட்டோட பழைய விஷுவல் பேசிக் 6) எழுதினது, இன்னும் அதுலதான் ஓடுது. சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க, கோயம்புத்தூர்லயும் திருப்பூர்லயும் சோமனூர்லயும் தினமும் அதுல பில் போட்டுத்தான் சரக்கு வண்டி ஏறுது. இதோட ஹெல்ப், எஃப்1 கீயை அமுக்குனா வர்ற உதவிப் பக்கங்கள், பழைய வின்ஹெல்ப், அதாவது ஹெச்எல்பி ஃபைல். 1990-ல விண்டோஸ் 3.0 கூட வந்த சமாச்சாரம். விஸ்டாவுல இருந்து அதைத் திறக்கிற புரோகிராமை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ்கூட தர்றதை நிறுத்திட்டாங்க, விஸ்டா, 7, 8 வரைக்கும் வேணும்னா தனியா டவுன்லோட் பண்ணி போட்டுக்கோன்னு விட்டாங்க, 10-க்கு அதுவும் கிடையாது. வின்ஹெல்ப்புக்கு அடுத்து மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஹெல்ப் ஃபைல் வகைதான் சிஹெச்எம்.

எங்க கஸ்டமர்ங்க நிறைய பேர் எக்ஸ்பி-யிலயே உட்கார்ந்திருந்ததால ஆபீஸ்ல யாரும் இதைக் கண்டுக்கல. 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்துச்சு பாருங்க, அப்போதான் எல்லாரும் புது கம்ப்யூட்டர் வாங்குனாங்க, புதுசுன்னா விண்டோஸ் 10. உடனே சப்போர்ட்டுக்கு போன் வர ஆரம்பிச்சுது. "ஏம்மா, எஃப்1 அமுக்குனா நெட்டுல ஏதோ பக்கம் வந்து நிக்குதுங்க, நம்ம புரோகிராமுக்கு என்னாச்சு?" இதே கேள்விதான், வேற வேற வாயில.

அந்த மாத்துற வேலை என்கிட்ட வந்துச்சு. இதே நிலைமையில இன்னும் சில சின்ன கம்பெனிகள் இருக்குன்னு தெரியும், அதனால எப்படி பிளான் பண்ணோம்னு எழுதுறேன். ஹெல்ப்பை மாத்துறதுன்னா கன்வர்ட் பண்றதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. கன்வர்ட் பண்றது இதுல சின்ன வேலை, அதுவும் கடைசியில வர்ற வேலை.

முதல் சண்டை எதுக்கு மாத்துறதுங்கிறதுல. முதலாளி "எல்லாத்தையும் வெப்சைட்ல போட்டுடலாம், இந்தக் காலத்துல எதுக்குப்பா ஃபைலு" அப்படின்னார். சப்போர்ட்ல இருக்கிற அக்கா ஒரே கேள்விதான் கேட்டாங்க, "குடோன்ல நெட் இல்லாம உட்கார்ந்து டிசி போடுற ஆளு எஃப்1 அமுக்குனா என்ன சார் வரும்?" டிசின்னா டெலிவரி சலான். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. பிடிஎஃப் போடலாம்னு ஒருத்தர் சொன்னார், பிடிஎஃப்-ல நான் நிக்கிற ஸ்கிரீனுக்கான பக்கம் நேரா திறக்கணும்னா அதுக்கு ஒரு தனி வித்தை வேணும், கஸ்டமர் எந்த ரீடர் வெச்சிருக்கார்ங்கிறதைப் பொறுத்து அந்த வித்தையும் மாறும். சரி, மிச்சம் சிஹெச்எம்.

சிஹெச்எம்-மும் கிழவன்தான். 1997 வாக்குல வந்தது, விண்டோஸ் 98-ல இருந்து எல்லா விண்டோஸ்லயும் இருக்கு, அதுக்கப்புறம் ஹெல்ப் 2-ன்னு ஒன்னு எல்லாருக்கும் தர்றோம்னு சொல்லி 2003-ல கைவிட்டுட்டாங்க, இதுவும் அப்படியே நின்னுபோச்சு, புதுசா எதுவும் சேர்க்கிறதில்ல. ஆனா விண்டோஸ் 10-லயும் 11-லயும் திறக்குது, எக்ஸ்பி-யிலயும் திறக்குது. எங்களுக்கு இதுதான் முக்கியம், ஏன்னா ஒரே செட்டப்பை ரெண்டு பக்க ஆளுங்களுக்கும் குடுக்கலாம், எக்ஸ்பி-காரருக்கு ஹெச்எல்பி, மத்தவருக்கு சிஹெச்எம்னு ரெண்டு சோர்ஸ் வெச்சு மேய்க்க வேண்டாம். இன்னொன்னு, சிஹெச்எம்-க்கு உள்ள இருக்கிறது வெறும் ஹெச்டிஎம்எல் பக்கங்கள்தான். நாளைக்கு வெப்சைட்ல போடணும்னாலும் அதே பக்கங்களை எடுத்துப் போடலாம். முதலாளிக்கு இதைச் சொன்னதும் முகம் கொஞ்சம் மலர்ந்துச்சு.

இப்போ நம்பர் விஷயத்துக்கு வர்றேன். விபி6-ல ஒவ்வொரு ஃபார்முக்கும், ஒவ்வொரு டெக்ஸ்ட்பாக்ஸுக்கும் ஹெல்ப்கான்டெக்ஸ்ட்ஐடி-ன்னு ஒரு ப்ராப்பர்ட்டி இருக்கும், அதுல ஒரு நம்பர். எஃப்1 அமுக்குனா புரோகிராம் அந்த நம்பரை ஹெல்ப்கிட்ட குடுக்கும், ஹெல்ப் தன்கிட்ட இருக்கிற மேப்-ல அந்த நம்பருக்கு எந்த டாபிக்னு பார்த்துத் திறக்கும். புரோகிராமுக்கும் ஹெல்ப்புக்கும் நடுவுல இருக்கிற ஒரே ஒப்பந்தம் இந்த நம்பர்தான். டாபிக்கோட பேரு, ஃபைல் பேரு, எழுத்து, படம் எல்லாத்தையும் மாத்தலாம், யாருக்கும் தெரியாது. நம்பர் மாறினா பர்ச்சேஸ் ரிட்டர்ன் ஸ்கிரீன்ல எஃப்1 அமுக்குறவருக்கு பேக்கப் எடுக்கிறது எப்படின்னு வரும். அதனால நான் வேர்டையோ ஹெல்ப் டூலையோ திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு எக்ஸெல் ஷீட்டைத்தான் திறந்தேன்.

விபி6-ல ஒரு நல்ல விஷயம், ஃபார்ம் ஃபைல் எல்லாம் சாதா டெக்ஸ்ட். கமாண்ட் பிராம்ப்ட்ல ஃபைண்ட்ஸ்டர் போட்டு ஃபோல்டர் முழுக்க ஹெல்ப்கான்டெக்ஸ்ட்ஐடி-ன்னு தேடினா எந்த ஃபார்ம்ல எந்த கன்ட்ரோலுக்கு எந்த நம்பர்னு முழுசா வந்துடும். அதை ஷீட்ல ஒரு பக்கம் ஒட்டினேன். இன்னொரு பக்கம் பழைய ஹெல்ப் புராஜெக்ட் ஃபைல்ல (ஹெச்பிஜே) மேப் செக்‌ஷன்ல இருக்கிற நம்பரும் டாபிக் ஐடியும். ரெண்டையும் எக்ஸெல்லோட விலுக்அப் ஃபார்முலா போட்டு ஒப்பிட்டுப் பார்த்தா மூணு கூட்டம் தேறுச்சு. ரெண்டு பக்கமும் இருக்கிற நம்பர், அது பிரச்சினையில்லை. புரோகிராம்ல இருக்கு, ஹெல்ப்ல இல்லாத நம்பர், அதாவது பல வருஷமா அந்த ஸ்கிரீன்ல எஃப்1 அமுக்குனவங்களுக்கு எர்ரர்தான் வந்திருக்கு, யாரும் சொல்லல. அப்புறம் ஹெல்ப்ல இருக்கு, புரோகிராம்ல யாரும் கூப்பிடாத நம்பர். இந்த மூணாவது கூட்டம்தான் பெருசா இருந்துச்சு, எடுத்துட்ட ஸ்கிரீன்களோட மிச்சம்.

ஷீட்ல இன்னும் ரெண்டு காலம் (நெடுவரிசை) சேர்த்தேன், அதுதான் பின்னாடி ரொம்ப உதவுச்சு. ஒன்னு, இந்த ஸ்கிரீனைப் பத்தி சப்போர்ட்டுக்கு போன் வருதா. இதுக்கு பெரிய அனலிடிக்ஸ் எல்லாம் இல்லை, சப்போர்ட் அக்கா நீளவாக்குல ஒரு ரூல்டு நோட்டு வெச்சிருப்பாங்க, யார் கூப்பிட்டது, என்ன கேட்டாங்க, முடிஞ்சுதான்னு ஒரு டிக். அந்த நோட்டை வாங்கி உட்கார்ந்து படிச்சேன். கஸ்டமர் எதைக் கேட்கிறாங்கங்கிறதுக்கும் ஹெல்ப்ல எதைப் பக்கம் பக்கமா எழுதி வெச்சிருக்கோங்கிறதுக்கும் சம்பந்தமே இல்லை. பிரிண்டர் செட்டிங்குக்கு எங்க ஹெல்ப்ல படத்தோட அத்தனை பக்கம், போன் வந்ததெல்லாம் ஜாப் வொர்க்குக்கு, அதாவது வெளிய கூலிக்கு வேலை செய்ய, அனுப்புன நூல் திரும்பி வந்தா கழிவை எப்படி காட்டுறதுன்னு. அதுக்கு ஹெல்ப்ல ரெண்டு வரி. இன்னொரு காலம், இந்த டாபிக்கை யார் படிச்சு சரி சொல்றது. பேர் போடாம விட்டா எல்லாரும் படிச்சிட்டோம்னு சொல்வாங்க.

அடுத்தது சோர்ஸ் எங்க இருக்குங்கிற கேள்வி. வின்ஹெல்ப்புக்கு சோர்ஸ்னா ஆர்டிஎஃப் ஃபைல், வேர்ட்ல அடிக்கிறது. இதைப் பார்க்காதவங்களுக்கு சொல்றேன், வேடிக்கையா இருக்கும். ஒவ்வொரு டாபிக்குக்கும் நடுவுல ஒரு பேஜ் பிரேக். டாபிக் ஆரம்பத்துல வரிசையா ஃபுட்நோட், # போட்டா அது டாபிக்கோட ஐடி, $ போட்டா தலைப்பு, கே எழுத்து போட்டா இன்டெக்ஸ்ல வர்ற வார்த்தை, + போட்டா முன்னாடி பின்னாடி போற பட்டனுக்கான வரிசை. லிங்க் வேணுமா, வார்த்தைக்குக் கீழ டபுள் அண்டர்லைன் போட்டு, இடைவெளி விடாம பக்கத்துலயே போக வேண்டிய ஐடியை ஹிட்டன் டெக்ஸ்ட்டா அடிக்கணும். ஒத்தை அண்டர்லைன்னா பாப்அப், அங்கேயே முளைக்கிற சின்னப் பெட்டி. ஒரு ஸ்பேஸ் தப்பா ஹிட்டன் ஆகிட்டா லிங்க் செத்துப்போகும். இப்படி உட்கார்ந்து அத்தனை பக்கம் ஒருத்தர் அடிச்சு வெச்சிருக்கார்னு நினைச்சா கையெடுத்துக் கும்பிடத் தோணும்.

எங்களுக்கு ஆர்டிஎஃப் முழுசா கிடைக்கல. பழைய மெஷின்ல இருந்து எடுத்த பேக்கப்ல சில ஃபைல் இருந்துச்சு, அதுவும் கடைசியா வெளிய போன ஹெல்ப்பை விட பழசு. இதை எப்படித் தெரிஞ்சுக்கிறதுன்னா, அதை ஹெச்எல்பி-யா கம்பைல் பண்ணிப் பார்த்து, கஸ்டமர்கிட்ட இருக்கிற ஹெச்எல்பி-யையும் இதையும் எக்ஸ்பி மெஷின்ல பக்கத்துல பக்கத்துல திறந்து வெச்சுப் பார்க்கணும், வேற வழியில்லை. நல்லவேளையா ஹெல்ப்டெகோ-ன்னு ஒரு பழைய இலவச டூல் இருக்கு, கம்பைல் ஆன ஹெச்எல்பி-யைக் குடுத்தா ஆர்டிஎஃப்-பும் புராஜெக்ட் ஃபைலும் படங்களும் பிரிச்சுக் குடுத்துடும். ஒன்னு மட்டும் கவனிங்க. டாபிக் ஐடி ஹெச்எல்பி-க்குள்ள பேரா இருக்காது, ஹேஷ் பண்ண நம்பராத்தான் இருக்கும், அதனால டூல் திருப்பிக் குடுக்கிற ஐடி நம்ம பழைய பேரா இல்லாம சும்மா உளறின மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், எஃப்1 நம்பரோட மேப் சரியா வந்துடும். நம்பரை முதல்ல எழுதி வைக்கச் சொன்னதுக்கு இது இன்னொரு காரணம், பேரெல்லாம் தொலைஞ்சாலும் நம்பரைப் பிடிச்சு திரும்ப வந்துடலாம்.

கன்வர்ஷனைப் பத்தி பெருசா சொல்ல ஒன்னுமில்ல. ஹெச்டிஎம்எல் ஹெல்ப் வொர்க்‌ஷாப்ல புது புராஜெக்ட் போடும்போதே வின்ஹெல்ப் புராஜெக்ட்ல இருந்து மாத்தவான்னு கேட்கும், ஆமான்னா மாத்திக் குடுக்கும். வர்ற ஹெச்டிஎம்எல் கண்ணு கூசும், வரிக்கு வரி ஃபான்ட் டேக். காசு குடுத்து வாங்குற டூல்ங்க இதைக் கொஞ்சம் சுத்தமா பண்ணும். நாங்க வாங்கல, ஏன்னா முக்கால்வாசி டாபிக்கை எப்படியும் திருப்பி எழுதத்தான் போறோம்னு ஷீட்டைப் பார்த்தவுடனே தெரிஞ்சுபோச்சு. தானா வந்ததுல டெக்ஸ்ட்டை மட்டும் உருவி எடுத்து, பக்கத்தோட தோற்றத்துக்கு ஒரே ஒரு சிஎஸ்எஸ் ஃபைல் வெச்சு, வெறும் பாரா, பட்டியல், டேபிள், படம் இவ்வளவுதான்னு முடிவு பண்ணிட்டோம். ஃபைல் பேரெல்லாம் சின்ன எழுத்து, இடைவெளி கிடையாது. சிஹெச்எம்-க்கு பெரிய எழுத்து சின்ன எழுத்து எல்லாம் ஒன்னுதான், லினக்ஸ் வெப்சர்வருக்கு அப்படியில்ல. நாளைக்கு வெப்புக்குப் போறப்போ லிங்க்கெல்லாம் உடைஞ்சு அழ வேண்டாம்னுதான்.

எதைத் தூக்கிப் போடுறதுங்கிறதுலதான் நேரம் போச்சு. வின்ஹெல்ப்ல இருக்கிற சிலது சிஹெச்எம்-ல அப்படியே வராது. வின்ஹெல்ப் மேக்ரோ (ஹெல்ப்குள்ள எழுதுற சின்னக் கட்டளைகள்) வராது, படத்துல அங்கங்க கிளிக் பண்ற எஸ்ஹெச்ஜி ஃபைல் இமேஜ் மேப்பா மாறணும், முன்னாடி பின்னாடி பட்டன் வரிசை தனியா பார்க்கணும். பாப்அப் இருக்கு, ஆனா வெறும் டெக்ஸ்ட்தான், கலர் போல்டு எதுவும் கிடையாது. நான் பாப்அப்பை முழுசா ஒழிச்சுட்டேன். பாப்அப்ல இருந்த விளக்கம் ரெண்டு வரின்னா டாபிக்குள்ளயே எழுதிட்டேன், நீளம்னா அதுக்குன்னு ஒரு பக்கம். தொடர்புடைய தலைப்புகள்னு காட்ட சிஹெச்எம்-ல ஏலிங்க்-னு ஒரு வசதி இருக்கு, ஆக்டிவ்எக்ஸ்ங்கிற பழைய மைக்ரோசாஃப்ட் தொழில்நுட்பம், சிஹெச்எம்-க்கு வெளிய வேலை செய்யாது. அதையும் தொடல, சாதா லிங்க்தான்.

டாபிக்குள்ள இருக்கிற விஷயம் இன்னும் சிக்கல். எங்க ஹெல்ப்ல மூணு வரி முறையும் அடுக்கடுக்கா கிடந்துச்சு, முதல்ல பழைய விற்பனை வரி, அதுமேல 2007-ல வந்த வாட், இப்போ ஜிஎஸ்டி. சி ஃபார்ம் (வெளி மாநில வியாபாரி குறைஞ்ச வரியில வாங்கினதுக்குக் குடுக்கிற படிவம்) வாங்கினாங்களா இல்லையான்னு பார்க்கிற ரிப்போர்ட்டுக்கு நல்லா எழுதின ஒரு பக்கம். ஜிஎஸ்டி வந்தப்புறம் நூல் வியாபாரிக்கு சி ஃபார்ம் எதுக்கு, தூக்கிடலாம்னு டெவலப்பர் தம்பி சொன்னான். எங்க அக்கவுண்டன்ட் அண்ணன் ஒத்துக்கல. "பழைய வருஷத்துக்கு நோட்டீஸ் வந்தா என்ன பண்ணுவே? அந்த ஸ்கிரீனைத் திறந்து ரிப்போர்ட் எடுத்துத்தானே ஆபீசர்கிட்ட போகணும்?" சரிதான். அதனால ஸ்கிரீன் புரோகிராம்ல இருக்கிற வரைக்கும் அதோட டாபிக்கும் இருக்கும்னு ஒரு விதி வெச்சோம், ஆனா பழைய வருஷ கணக்குன்னு தனி புத்தகமா கடைசியில. புது ஆளு கன்டென்ட்ஸைத் திறந்தா முதல்ல ஜிஎஸ்டி பில்லும் ஜாப் வொர்க்கும்தான் கண்ணுல படணும். யாருமே கூப்பிடாத, ஸ்கிரீனும் இல்லாத டாபிக்கை மட்டும் தயவு தாட்சண்யம் இல்லாம எடுத்துட்டோம். எடுத்ததை ஒரு ஃபோல்டர்ல போட்டு வெச்சோம், இதுவரைக்கும் யாரும் கேட்கல.

தமிழ் விஷயம் தனிக் கதை. எங்க ஹெல்ப்ல கொஞ்சம் டாபிக் தமிழ்ல இருந்துச்சு, அந்தக் கால ஃபான்ட் தமிழ், இங்கிலீஷ் எழுத்தோட இடத்துலயே தமிழ் எழுத்து படம் உட்கார்ந்திருக்கிற வகை. ஃபான்ட் இல்லாத மெஷின்ல பார்த்தா வெறும் கிறுக்கல். யூனிகோடுக்கு மாத்த கன்வர்ட்டர் நிறைய இருக்கு, ஆனா முழு ஃபைலையும் தூக்கி உள்ள போட்டுடாதீங்க, நடுவுல இருக்கிற நிஜ இங்கிலீஷ் வார்த்தையும் தமிழா மாறி என்டர் கீ, எஸ்கேப் கீ எல்லாம் அர்த்தமில்லாத எழுத்தா வந்து நிக்கும். ஆர்டிஎஃப்-ல எந்தத் துண்டு எந்த ஃபான்ட்ல இருக்குங்கிற விவரம் இருக்கும், அதை வெச்சு தமிழ் ஃபான்ட்ல இருக்கிற துண்டை மட்டும் பிரிச்சு மாத்தணும். மாத்தினப்புறமும் ஒருத்தர் உட்கார்ந்து படிக்கணும். முக்கியமா கொம்பு. பழைய ஃபான்ட்ல ஒற்றைக் கொம்பை முதல்ல அடிச்சு அப்புறம் எழுத்தை அடிப்போம், யூனிகோடுல எழுத்துக்கு அப்புறம்தான் கொம்பு சேமிக்கப்படும், வரி உடையிற இடத்துல கன்வர்ட்டர் தடுமாறும். அப்புறம் ஔகாரம். பழைய ஃபான்ட்ல ஔகாரத்தோட பின்பாதியும் ள-வும் ஒரே படம்தான், அதனால கௌ வர வேண்டிய இடத்துல கெ, ள ரெண்டும் தனித்தனியா வந்து நிக்கும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, தேடினா கிடைக்காது.

இதைவிடப் பெரிய முட்டுக்கட்டை சிஹெச்எம்-ல இருக்கு. உள்ள இருக்கிற பக்கம் யூடிஎஃப்-8 தமிழா இருந்தா அழகா காட்டும். ஆனா இடது பக்கம் வர்ற கன்டென்ட்ஸும் இன்டெக்ஸும் யூனிகோடு கிடையாது, அந்தந்த மொழியோட பழைய ஆன்சி கோட்பேஜ்லதான், அதாவது யூனிகோடுக்கு முந்தின எழுத்து அட்டவணையிலதான், படிக்கும். விண்டோஸ்ல தமிழுக்கு ஆன்சி கோட்பேஜே கிடையாது, தமிழ் ஆரம்பத்துல இருந்தே யூனிகோடு மட்டும்தான். ரஷ்ய மொழிக்கு, தாய்லாந்து மொழிக்கெல்லாம் எப்படியோ ஒப்பேத்திடலாம், தமிழுக்கு எந்த செட்டிங் போட்டாலும் இடது பக்கம் கேள்விக்குறி வரிசைதான். சர்ச்சும் தமிழ்ல வேலைக்காகாது. நாங்க பண்ணது இதுதான்: இடது பக்கம் எல்லாம் இங்கிலீஷ்லயே விட்டுட்டோம், மெனுவுல இருக்கிற அதே பேர். சிஹெச்எம் திறந்ததும் வர்ற முதல் பக்கத்தையே தமிழ் பொருளடக்கமா எழுதிட்டோம், வெறும் ஹெச்டிஎம்எல் லிங்க், பில் போட, பில்லை திருத்த, ஜாப் வொர்க் அனுப்ப, கழிவு காட்ட, இப்படி வேலை பேரா. கடைகள்ல பில் போடுற பிள்ளைங்க இடது பக்கத்தைத் தொடுறதே இல்லை, இந்தப் பக்கத்துல இருந்துதான் போறாங்க.

பக்கம் காட்டுறது எல்லாம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரோட எஞ்சின்தான், அதுவும் சும்மா விட்டா பழைய ஐஇ7 மாதிரி நடந்துக்கும். பக்கத்தோட தலையில எக்ஸ்-யுஏ-கம்பாட்டிபிள்னு ஒரு மெட்டா டேக் போட்டா கொஞ்சம் புது சிஎஸ்எஸ் எடுக்கும். எங்களுக்குத் தேவைப்படுற அளவுக்கு அது போதும்.

டெஸ்டிங்குக்கு வர்றேன். இதை மட்டும் டெவலப்பர் மெஷின்ல பண்ணாதீங்க. எங்க கஸ்டமர் நிறைய பேர் சர்வர்னு ஒரு மெஷின்ல புரோகிராமைப் போட்டு, மத்த மெஷின்ல எல்லாம் ஷேர் பண்ண ஃபோல்டர்ல இருந்து ஓட்டுவாங்க. ஹெச்எல்பி காலத்துல ஹெல்ப் ஃபைலும் அதே ஃபோல்டர்ல இருக்கும், நெட்வொர்க்ல இருந்து திறக்கும், ஒரு தொல்லையும் இல்லை. 2005 ஜூன்ல வந்த ஒரு செக்யூரிட்டி அப்டேட்டுக்கு அப்புறம் சிஹெச்எம் அப்படித் திறக்காது. திறக்காதுன்னா முழுசா திறக்காம இருந்தா பரவாயில்லையே, ஜன்னல் வரும், இடது பக்கம் தலைப்பெல்லாம் ஒழுங்கா வரும், வலது பக்கம் மட்டும் பக்கத்தைக் காட்ட முடியலன்னு வரும். பார்க்கிறவங்களுக்கு நாம எழுத மறந்துட்டோம்னுதான் தோணும். ரெஜிஸ்ட்ரியில ஒரு கீ போட்டு இந்தத் தடையை தளர்த்தலாம், இணையத்துல தேடினா எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. நான் வேண்டாம்னு சொன்னேன். அந்தத் தடை வந்ததே சிஹெச்எம் வழியா கண்டதையும் ஓட வெச்சாங்கங்கிறதாலதான், நம்ம ஹெல்ப்புக்காக கஸ்டமர் மெஷின்ல கதவைத் திறந்து வைக்கிறது நியாயமில்லை. அதுக்குப் பதிலா புரோகிராம் திறக்கும்போதே சர்வர்ல இருக்கிற சிஹெச்எம் புதுசான்னு தேதி பார்த்து, புதுசுன்னா லோக்கல் டிஸ்க்ல யூசரோட ஆப்டேட்டா ஃபோல்டர்ல காப்பி பண்ணிக்கிட்டு அங்கிருந்து திறக்கிற மாதிரி தம்பி எழுதிக் குடுத்தான். சின்ன கோடுதான்.

இதே குடும்பத்துல இன்னும் ரெண்டு இருக்கு. சிஹெச்எம்-மை மட்டும் மெயில்லயோ டவுன்லோடாவோ குடுத்தா விண்டோஸ் அது வெளியிலிருந்து வந்ததுன்னு குறிச்சு வெச்சுக்கும், அப்பவும் வலது பக்கம் காலி, ப்ராப்பர்ட்டீஸ்ல போய் அன்பிளாக் பண்ணணும். அதனால தனியா அனுப்பாதீங்க, செட்டப்குள்ள வெச்சே அனுப்புங்க. இன்னொன்னு வேடிக்கையானது, ஃபோல்டர் பேர்ல # இருந்தா சிஹெச்எம் பக்கம் திறக்காது, அந்தக் குறியை வெப் முகவரியோட பாகமா எடுத்துக்கும். சி# புராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள வெச்சு டெஸ்ட் பண்றவங்க இதுல மண்டையை உடைச்சுக்குவாங்க.

புரோகிராம் பக்கம் மாத்த வேண்டியது கொஞ்சம்தான். ஆப்.ஹெல்ப்ஃபைல்ல சிஹெச்எம் பேரைக் குடுத்தா எஃப்1-ஐ விபி6 தானே பார்த்துக்கும். ஆனா மெனுவுல ஹெல்ப் பட்டனுக்கு யாராவது வின்ஹெல்ப் ஏபிஐ-யை (ஹெல்ப்பைத் திறக்க விண்டோஸ் தர்ற கட்டளை) நேரா கூப்பிட்டு எழுதியிருப்பாங்க, அதைத் தேடிப் பிடிச்சு ஹெச்டிஎம்எல்ஹெல்ப் ஏபிஐ-க்கு மாத்தணும். ரெண்டுக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் இருக்கு, வின்ஹெல்ப் தனி புரோகிராமா ஓடும், சிஹெச்எம் நம்ம புரோகிராமுக்குள்ளயே ஓடும். இதனால ரெண்டு தொல்லை. ஏபிஐ-யைக் கூப்பிடும்போது நம்ம ஃபார்மோட விண்டோ ஹேண்டிலை (அந்த ஜன்னலுக்கு விண்டோஸ் வெச்சிருக்கிற அடையாள நம்பர்) குடுத்தா ஹெல்ப் ஜன்னல் எப்பவும் பில் ஸ்கிரீனுக்கு மேலயே நிக்கும், பின்னாடி போகாது. "பில்லை மறைச்சுக்கிட்டு நகர மாட்டேங்குதுங்க" அப்படின்னு டிரையலுக்குக் குடுத்த கடையிலயே சொல்லிட்டாங்க, ஹேண்டிலுக்கு பூஜ்யம் குடுத்தா சரியாகும். அடுத்தது, ஹெல்ப் திறந்திருக்கும்போதே புரோகிராமை மூடினா சில மெஷின்ல கிராஷ் ஆகும், வெளிய போற இடத்துல எல்லா ஹெல்ப் ஜன்னலையும் மூடுற கட்டளை குடுத்துடணும்.

டிரையலுக்கு எந்தக் கடையைத் தேர்ந்தெடுக்கிறதுன்னு வரும்போது நல்லா பழகின கஸ்டமரைத்தான் எல்லாரும் கை காட்டுவாங்க. பழகினவங்களுக்கு ஹெல்ப்பே வேண்டாமே, அவங்க எஃப்1 பக்கமே போக மாட்டாங்க. புதுசா வேலைக்குச் சேர்ந்த பில்லிங் ஆள் இருக்கிற கடையைப் பிடிங்க. எங்களுக்கு திருப்பூர்ல ஒரு பேக்கிங் மெட்டீரியல் கடை கிடைச்சுது, அங்க இருந்த பொண்ணு ஷீட்டோட பிரிண்ட்அவுட்டை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு ஸ்கிரீனா எஃப்1 அமுக்கி, வந்த பக்கம் சரின்னா டிக், தப்புன்னா என்ன வந்துச்சுன்னு பென்சில்ல எழுதிக் குடுத்துச்சு. அந்தக் காகிதத்துலதான் கழிவு காட்டுற பக்கத்துல 'எந்த ஊர் கணக்கு அண்ணா இது'ன்னு ஒரு குறிப்பு இருந்துச்சு. உதாரணத்துல நாங்க போட்ட எடை நிஜத்துல யாரும் அனுப்புற எடை இல்லையாம். மாத்திட்டோம்.

டூல்ஸை பத்திரமா வைங்க. ஹெச்டிஎம்எல் ஹெல்ப் வொர்க்‌ஷாப் செட்டப்பை ஆபீஸ் சர்வர்ல ஒரு காப்பி, வெளிய ஒரு காப்பி வெச்சிருக்கோம், பழைய லிங்க்கை நம்பி இருக்க வேண்டாம்னு. பில்டு ஸ்கிரிப்ட் (ஃபைலையெல்லாம் தானா கம்பைல் பண்ற ஸ்கிரிப்ட்) எழுதுறவங்களுக்கு ஒன்னு: சிஹெச்எம் உருவாக்குற கம்பைலர் ஹெச்ஹெச்சி, வேலை நல்லபடியா முடிஞ்சா 1 திருப்பும், சொதப்பினா 0 திருப்பும், உலகத்துல மத்த எல்லா புரோகிராமுக்கும் நேர் எதிரா. பேட்ச் ஃபைல்ல வழக்கம்போல செக் போட்டா நல்ல பில்டையெல்லாம் ஃபெயில்னு சொல்லும்.

இப்போ அந்த எக்ஸெல் ஷீட்தான் மாஸ்டர். மேப் செக்‌ஷனும், எந்த ஐடிக்கு எந்த ஹெச்டிஎம்எல் பக்கம்னு சொல்ற அலையாஸ் செக்‌ஷனும் அதுல இருந்துதான் ஸ்கிரிப்ட் வழியா உருவாகுது, கையால யாரும் தொடுறதில்ல. புது ஃபார்ம் போடுற டெவலப்பர் ஷீட்ல ஒரு நம்பர் எடுத்துட்டுதான் போடணும், ஃபார்ம்ல இருக்கிற நம்பர் ஷீட்ல இல்லைன்னா பில்டு நின்னுடும். ஒரு தடவை பயன்படுத்தின நம்பரை, ஸ்கிரீனையே எடுத்துட்டாலும், இன்னொன்னுக்குக் குடுக்கிறதில்ல, ஏன்னா பழைய வெர்ஷன் வெச்சிருக்கிற கடையில அது இன்னும் பழைய அர்த்தத்துலதான் இருக்கும். வெப்சைட் ஹெல்ப்பும் பாதி வரைக்கும் வந்திருக்கு, அதே பக்கங்கள், முகவரியில அதே நம்பர். அதுல தமிழ்ல தேடலாம். குடோன்ல நெட் வந்தப்புறம் பார்த்துக்கலாம்னு அக்கா சொல்லியிருக்காங்க, அதனால செட்டப்ல இன்னும் சிஹெச்எம்தான் போகுது.